ரெண்டு காக்கா, மூணு கொக்கி - லிதுவேனியனும் குரோஷியனும்

லிதுவேனியன் மொழிக்கும் சமஸ்கிருதத்துக்கும் உள்ள ஒற்றுமை பற்றி இணையத்துல ஒரு பட்டியல் அடிக்கடி சுத்தி வரும், பார்த்திருப்பீங்க. மகன் என்றால் அங்கேயும் 'சூனுஸ்', இங்கேயும் 'சூனுஸ்'. நெருப்பு அங்கே 'உக்னிஸ்', இங்கே 'அக்னி'. புகை அங்கே 'தூமாய்', இங்கே 'தூமம்'. பட்டியல் என்னவோ உண்மைதான். ஆனா எனக்கு அதுல எப்பவும் ஒரு குறை உண்டு. தூரத்துச் சொந்தத்தைக் கொண்டாடுற ஆர்வத்துல, நாலு தெரு தள்ளி இருக்கிற பெரியப்பா மகனை யாரும் கண்டுக்கறதே இல்லை. அந்தப் பெரியப்பா மகன் பேரு குரோஷியன்.

லிதுவேனியா பால்டிக் கடலோரம். குரோஷியா அட்ரியாட்டிக் கடலோரம். வில்னியஸுக்கும் ஸாக்ரெபுக்கும் நடுவுல ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தூரம், போலந்து, செக், ஸ்லோவாக், ஹங்கேரி, ஆஸ்திரியான்னு ஏகப்பட்ட நாடுகள். லிதுவேனியன் பேசுறவங்க சுமார் முப்பது லட்சம், குரோஷியன் ஐம்பது லட்சம் சொச்சம். ஒருத்தர் பேசினா இன்னொருத்தருக்கு சுத்தமா புரியாது. அப்புறம் எதுக்கு ஒப்பீடுன்னு கேக்கறீங்களா? சொல்றேன்.

முதல்ல சில சொற்கள். தலைக்கு லிதுவேனியனில் கல்வா, குரோஷியனில் க்லாவா. கை - ராங்க்கா, ரூக்கா. பசு - கர்வே, க்ராவா. பனிக்கட்டி - லேடஸ், லெட். கொம்பு - ராகஸ், ரோக். தேன் - மெதுஸ், மெட். குளிர்காலம் - ஷியெமா, ஸீமா. இதுல ரெண்டு விஷயம் கவனிச்சா போதும், பாதி கதை வந்துடும்.

ஒண்ணு, வால். லிதுவேனியன் ஆண்பால் சொற்களுக்குப் பின்னாடி 'அஸ்' வாலை இன்னும் பத்திரமா வெச்சிருக்கு. ராகஸ், லேடஸ். குரோஷியனில் அந்த வால் எப்பவோ அறுந்து விழுந்தாச்சு. ரோக், லெட். லிதுவேனியர்களுக்கு இந்த வால் மேல எவ்வளவு பாசம்னா, வெளிநாட்டுக்காரன் பெயரையும் விடமாட்டாங்க. அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் அவங்க பேப்பர்ல 'ஜோர்ஜஸ் புஷஸ்'. வால் இல்லாம அவங்களால வேற்றுமை உருபு சேர்க்க முடியாது, அதான் காரணம். ரெண்டு மொழியிலும் வேற்றுமை ஏழு, அதே ஏழு. நம்ம விளி வேற்றுமை கூட உண்டு. யோனாஸைக் கூப்பிடணும்னா 'யோனாய்!', இவானைக் கூப்பிடணும்னா 'இவானே!'. ராமனை 'ராமா'ன்னு கூப்பிடற நமக்கு இது புதுசா என்ன?

இன்னொண்ணு, கல்வா-க்லாவா, கர்வே-க்ராவா. ர, ல எழுத்துகள் உயிரோட இடம் மாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கு பாருங்க. ஸ்லாவிய மொழிகள் எல்லாத்துக்கும் ஒரு காலத்துல ஒரு வியாதி வந்தது. ஒவ்வொரு அசையும் உயிரெழுத்துலதான் முடியணும், மெய்யில முடியக்கூடாது. 'கல்-வா'ன்னா முதல் அசை 'ல்'ல முடியுதே, ஆகாது. அதனால தெற்கத்தி ஸ்லாவியர்கள் அதை 'க்லா-வா' ஆக்கினாங்க. லிதுவேனியனுக்கு இந்த வியாதி வரவே இல்லை.

இது எப்ப நடந்ததுன்னு கண்டுபிடிச்ச விதம்தான் அழகு. கி.பி. 800 வாக்கில் பிராங்கிய பேரரசர் சார்லமேன், ஜெர்மன்ல கார்ல், ஐரோப்பாவின் பாதியை ஆண்டார். குரோஷியச் சிற்றரசர்கள் அவருக்கு அடங்கி இருந்தவங்க. அவர் 814ல் செத்துப்போனார், பெயர் மட்டும் நின்னுடுச்சு. 'கார்ல்' என்ற அந்தப் பெயரே ஸ்லாவிய மொழிகளில் 'ராஜா' என்ற சொல்லாச்சு. குரோஷியனில் அது 'க்ரால்ய்'. அதாவது கார்லும் கல்வா மாதிரியே புரண்டிருக்கார். அப்படின்னா அவர் காலத்துல அந்த இடமாற்றம் இன்னும் முடியலைன்னு அர்த்தம். எழுத்து ஆதாரம் ஏதும் இல்லாத ஒரு ஒலி மாற்றத்துக்கு ஒரு பேரரசர் வந்து தேதி போட்டுக் கொடுத்துட்டுப் போயிருக்கார். லிதுவேனியர்கள் இதே சொல்லை பின்னால அண்டை ஸ்லாவியர்கள் கிட்ட கடன் வாங்கி 'கராலியுஸ்' ஆக்கிக்கிட்டாங்க. இத்தனைக்கும் அவங்களுக்கு முடிசூட்டிக்கிட்ட ராஜா ஒரே ஒருத்தர்தான், 1253ல் மிண்டௌகஸ்.

இனிமேல்தான் என் காக்கா.

லிதுவேனியனில் காக்கை 'வர்னா'. அண்டங்காக்கை 'வர்னஸ்'. ஒரே வேர்தான், பெண்பால் ஆண்பால் மாதிரி. ஆனா சொல்லும்போது ரெண்டுக்கும் சுருதி வேற. 'வர்னா'வில் முதல் அசை மேலேர்ந்து கீழே இறங்கும். 'வர்னஸ்'ஸில் கீழேர்ந்து மேலே ஏறும். அர்த்தம் வேற, சுரம் வேற. இந்தச் சுர சமாச்சாரத்தைக் காதால கேட்கணும்னே 1880ல் ஃபெர்டினாண்ட் தெ சொஸ்யூர் லிதுவேனியாவுக்குப் போனார். அவருக்கு முன்னாடி 1852லேயே ஜெர்மன் அறிஞர் அகஸ்ட் ஷ்லைஷர் போய், விவசாயிகளோட உட்கார்ந்து கேட்டு எழுதி இலக்கணம் போட்டார்.

இப்ப குரோஷியனுக்கு வாங்க. காக்கை 'வ்ரானா', குறுகின சுரம். அண்டங்காக்கை, பழைய சொல், 'வ்ரான்', நீண்ட சுரம். (இன்னைக்கு அண்டங்காக்கையை 'காவ்ரான்'னுதான் சொல்றாங்க, அதுக்குள்ளேயும் நம்ம வ்ரான் உட்கார்ந்திருக்கார்.) லிதுவேனியனில் எங்கே இறங்கு சுரமோ அங்கே குரோஷியனில் குறுஞ்சுரம். எங்கே ஏறு சுரமோ அங்கே நெடுஞ்சுரம். சுரம் அதே சுரம் இல்லை. ஆனா வித்தியாசம் அதே இடத்துல, அதே ரெண்டு பறவைக்கு நடுவுல நிக்குது. ரெண்டு கூட்டமும் பிரிஞ்சு குறைஞ்சது ரெண்டாயிரம் வருஷம் இருக்கும். நடுவுல இருக்கிற போலிஷ்காரங்க இந்தச் சுரத்தை முழுக்கத் தொலைச்சுட்டாங்க. ரஷ்யனிலும் அழுத்தம் மட்டும்தான் மிச்சம். ஒரு ஓரத்துல லிதுவேனியன், இன்னொரு ஓரத்துல குரோஷியனும் அதன் அக்கம்பக்கமும். பாட்டிகிட்ட இருந்த ஜோடிக் கம்மலில் ஒண்ணு மூத்த மகள் வீட்டுலயும் இன்னொண்ணு கடைசி மகள் வீட்டுலயும் கிடைச்ச மாதிரி. இணையத்துல கிடைக்கிற ஒலிப்பதிவுகளை ஹெட்போன் மாட்டிக்கிட்டு ரெண்டு ராத்திரி கேட்டேன். வீட்டுல ஒரு மாதிரியா பார்த்தாங்க. ஆனா ஸாக்ரெப் நகரத்துப் பேச்சில இதைத் தேடாதீங்க. நகரத்துக்காரங்க கிட்ட சுரம் பெரும்பாலும் மழுங்கிப் போச்சு. தெற்கே போகணும்.

மாதப் பெயர்களும் சுவாரசியம். குரோஷியனில் ஜூன் மாசம் 'லீபான்ய்'. லிதுவேனியனில் ஜூலை மாசம் 'லியெபா'. ரெண்டுமே லிண்டன் மரத்தின் பெயர். தெற்கே ஜூன்லயே பூத்துடும், வடக்கே ஒரு மாசம் தாமதம். கணக்கு சரியா வருதா? சந்தோஷப்படாதீங்க. இலை உதிர்கிற மாசம் குரோஷியனில் 'லீஸ்தொபாட்', அது அக்டோபர். லிதுவேனியனில் 'லாப்கிரிதிஸ்', அது நவம்பர். குளிர் அதிகமான வடக்கேதானே இலை முதல்ல விழணும்! போலிஷிலும் செக்கிலும் அதே 'லிஸ்தொபாட்' நவம்பர். மாசத்துக்குப் பெயர் வச்சவங்க தெர்மாமீட்டர் பார்த்து வைக்கலை.

விஷயம் என்னன்னா, குரோஷியனுக்கு ரொம்ப நெருக்கமான செர்பியனில் ஜூன், அக்டோபர்னு லத்தீன் பெயர்கள்தான். லிதுவேனியனுக்கு நெருக்கமான லாட்வியனிலும் அப்படித்தான். அதனால குரோஷியாவில் ஒருத்தர் 'லீபான்ய்'னு சொல்றதும் 'யூனி'ன்னு சொல்றதும் வெறும் மாசம் சொல்றது இல்லை. நீ யார் பக்கம்னு சொல்றது. சாலையோர மரம் கட்சிக்கொடியான கதை.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்குது. காக்காவின் சுரத்தை ரெண்டாயிரம் வருஷமா யாரும் காவல் காக்கலை, அது பாட்டுக்கு இருந்தது. ஆனா இந்த ரெண்டு மொழிக்காரங்களும் எதுக்காக அடிபட்டாங்க, ஜெயிலுக்குப் போனாங்க, புத்தகம் கடத்தினாங்கன்னு பார்த்தா, அது சுரத்துக்காக இல்லை, இலக்கணத்துக்காக இல்லை. எழுத்துக்காக.

கொஞ்சம் பின்னாடி போவோம். ரெண்டுமே ரொம்ப நாள் வீட்டுக்குள்ள மட்டும் புழங்கின மொழிகள். லிதுவேனியா ஒரு காலத்துல பால்டிக்லேர்ந்து கருங்கடல் வரை பரவின பேரரசு. ஆனா அதன் 1529 சட்டத்தொகுப்பு லிதுவேனியனில் இல்லை, பழைய பெலாருஷியன் மாதிரியான ஸ்லாவிய மொழியில். அப்புறம் பிரபுக்கள் எல்லாம் போலிஷுக்கு மாறிட்டாங்க. லிதுவேனியாவைத் தாய்நாடாக விளித்துத் தொடங்குகிற 'பான் தடேயுஷ்' காவியத்தை 1834ல் மிக்கியெவிச் எழுதினது போலிஷில். லிதுவேனியனில் முதல் அச்சுப் புத்தகம் 1547ல் மார்தினஸ் மாஷ்வீதஸ் போட்ட ஞானோபதேச நூல், அதுவும் நாட்டுக்கு வெளியே, பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில்.

குரோஷியர்கள் எழுத்து விஷயத்தில் மூத்தவங்க. கிர்க் தீவில் கிடைச்ச பாஷ்கா கல்வெட்டு சுமார் 1100. கிளகொலிட்டிக்னு ஒரு வினோதமான, வட்டமும் முக்கோணமுமான எழுத்து. அதே எழுத்தில் 1483லேயே அச்சுப் புத்தகம் வந்தாச்சு. ஆனா இவங்க நாடாளுமன்றமான சபோரில் 1847 வரை அலுவல் மொழி லத்தீன்! 1843 மே 2ஆம் தேதி இவான் குகுல்யெவிச் சாக்ட்சின்ஸ்கி எழுந்து அங்கே முதல் தடவையா குரோஷியனில் ஒரு உரை நிகழ்த்தினார். சொந்த நாட்டு மன்றத்தில் சொந்த மொழியில் பேசினது சரித்திர நிகழ்ச்சி ஆகிற நிலைமை.

அப்பதான் கொக்கிகள் வந்தன. 1830ல் லியுதெவித் காய் என்ற இருபத்தோரு வயசுப் பையன் புடா நகரத்தில் ஒரு சின்னக் கையேடு போட்டார். ஹங்கேரிய பாணியில் ரெண்டு மூணு எழுத்தைச் சேர்த்துச் சேர்த்து ஒரு ஒலி எழுதறதை விடுங்கப்பா, செக்காரங்க மாதிரி சி, எஸ், இசட் மேல ஒரு சின்னக் கொக்கி போடுங்க, முடிஞ்சதுன்னார். கூடவே இன்னொரு பெரிய காரியமும் செஞ்சார். ஸாக்ரெப் பக்கத்துப் பேச்சான கைகாவியனை, அவரே பிறந்து வளர்ந்த பேச்சை, ஒதுக்கி வச்சிட்டு, 1836லேர்ந்து தன் பத்திரிகையை ஷ்டோகாவியன் வழக்குக்கு மாத்தினார். டுப்ராவ்னிக் இலக்கியம் அதுல இருந்தது. தெற்கத்தி ஸ்லாவியர்கள் எல்லாரையும் சேர்த்துக் கட்ட அதுதான் தோதுன்னு அவர் கணக்கு. தன் வீட்டுப் பேச்சை விட்டுக்கொடுத்துட்டு ஒருத்தர் பொதுமொழி கட்டினது எனக்கு எப்பவும் ஆச்சரியம்தான். ஆனா செர்பியர்களும் அதே ஷ்டோகாவியன்தான். அந்தக் கணக்கின் வட்டி அடுத்த நூற்றாண்டில் வந்தது.

லிதுவேனியாவில் கொக்கி வந்தது ரத்தத்தோட. 1863ல் ரஷ்ய ஜாருக்கு எதிரா கிளர்ச்சி. அடக்கினதும், இந்த மக்களைப் போலிஷ் செல்வாக்கிலிருந்து பிரிச்சு ரஷ்யர் ஆக்கணும்னு முடிவு. 1864லேர்ந்து லத்தீன் எழுத்தில் லிதுவேனியன் அச்சிடத் தடை. மொழிக்குத் தடை இல்லை, கவனிங்க. சிரிலிக் எழுத்தில் தாராளமா அச்சிடலாம், அரசாங்கமே அச்சிட்டும் கொடுத்தது. ஜனங்க தொடலை. பிஷப் வலான்சியுஸ் எல்லைக்கு அந்தப்பக்கம், கிழக்கு பிரஷ்யாவில், அச்சடிக்க ஏற்பாடு பண்ணினார். அங்கேர்ந்து மூட்டையில, வைக்கோல் வண்டியில, உடம்புல கட்டிக்கிட்டு ராத்திரியில எல்லை தாண்டிப் புத்தகம் வந்தது. கடத்தினவங்களுக்கு 'க்னீக்னெஷியஸ்'னு பெயர், புத்தகம் சுமப்பவர். மாட்டினா ஜெயில், சைபீரியா. யுர்கிஸ் பியெலினிஸ் என்ற விவசாயி இதுல மன்னன். பல தடவை பிடிபட்டும் தப்பிச்சு மறுபடி அதே வேலை. அவர் பிறந்த மார்ச் 16 இன்னைக்கு அங்கே புத்தகம் சுமப்போர் தினம்.

நாற்பது வருஷம் இது நடந்தது. வேடிக்கை என்னன்னா, தடை இருந்த காலத்துலதான் எழுத்துச் சீர்திருத்தமும் நடந்தது. லத்தீன் எழுத்துன்னா போலிஷ் எழுத்துன்னு ரஷ்யன் சொல்றான், சரி, அப்ப போலிஷ் மாதிரி இருக்கிறதையும் தூக்கிடுவோம்னு, சி-இசட், எஸ்-இசட்னு ரெட்டையா எழுதினதை விட்டுட்டு அதே செக் கொக்கியைப் பிடிச்சாங்க. போலிஷ் 'டபிள்யூ'வை எடுத்துட்டு 'வி' போட்டாங்க. 1901ல் யோனாஸ் யப்லோன்ஸ்கிஸ் எழுதின இலக்கணம் இதையெல்லாம் நிலைநிறுத்தியது. அச்சானது எல்லைக்கு அந்தப்பக்கம் தில்சிட்டில். அட்டையில் இருந்த பெயர் பெத்ரஸ் க்ரியௌஷைதிஸ். புனைபெயரில் இலக்கணம் எழுத வேண்டியிருந்த மனுஷன்! 1904 மே 7ல், ஜப்பானோட சண்டை ஓடிட்டு இருந்தப்ப, ஜார் தடையை எடுத்தார்.

ஆக ஒரே மூணு கொக்கி. ஒருத்தர் ஹங்கேரி ஜாடை போகணும்னு மாட்டினார், இன்னொருத்தர் போலந்து ஜாடை போகணும்னு. ரெண்டு பேரும் வாங்கின கடை ஒண்ணுதான், பிராக்.

குரோஷியர்களின் அடி இருபதாம் நூற்றாண்டில். யூகோஸ்லாவியாவில் 1954 நோவி சாத் ஒப்பந்தம் செர்பியனும் குரோஷியனும் ஒரே மொழி, ரெண்டு எழுத்தும் சமம்னு சொன்னது. காகிதத்துல சமம். ராணுவத்திலும் மத்திய அரசு அலுவலகத்திலும் புழங்கினது செர்பிய வழக்குன்னு இவங்க குறை. 1967ல் குரோஷிய எழுத்தாளர்களும் நிறுவனங்களும் சேர்ந்து தங்கள் மொழியின் பெயருக்கும் நிலைக்குமாக ஒரு பிரகடனம் வெளியிட்டாங்க. பெரிய எழுத்தாளர் மிரோஸ்லாவ் க்ர்லெஷா கையெழுத்துப் போட்டார், கட்சியின் மத்தியக் குழுவிலிருந்து விலக வேண்டி வந்தது. 1971ல் பாபிச், ஃபின்கா, மோகுஷ் மூணு பேர் 'குரோஷிய எழுத்துமுறை' என்று ஒரு கையேடு தயாரிச்சாங்க. அச்சாகி முடிஞ்சதும் பிரதிகளை அழிச்சுட்டாங்க. எதுல என்ன எழுத்து போடணும்னு சொல்ற, பள்ளிக்கூடப் பையன் கொட்டாவி விடற புத்தகம்! தப்பின பிரதி ஒண்ணு லண்டனுக்குப் போய், 1972ல் புலம்பெயர்ந்தவங்க அதை மறுபதிப்பு செஞ்சாங்க. அதுக்கு 'லொண்டொனாட்ஸ்', லண்டன்காரர்னே பெயர் வந்துடுச்சு. ஸாக்ரெபில் அது முறையா வெளிவந்தது 1990ல்.

தில்சிட்டும் லண்டனும். எல்லைக்கு வெளியே அச்சாகி, ஒளிஞ்சு உள்ளே வந்த ரெண்டு எழுத்துப் புத்தகங்கள். இந்த ரெண்டு மொழியையும் ஒப்பிடறவங்க வேற்றுமை உருபையும் சுரத்தையும் எழுதுறாங்க, இதை யாரும் பக்கத்துல வச்சுப் பார்க்கலையேன்னு எனக்கு ஆதங்கம்.

இங்கேயே நிறுத்தினா நல்ல வீரக்கதையா இருக்கும். ஆனா மிச்சத்தையும் சொல்லணுமே. 1941ல் நாஜி ஆதரவோட வந்த குரோஷிய அரசு முதல் வேலைகளில் ஒண்ணா சிரிலிக் எழுத்தைத் தடை பண்ணினது. ஜார் லத்தீனுக்குச் செய்ததை அப்படியே திருப்பிப் போட்டாங்க. இத்தனைக்கும் கிளகொலிட்டிக், லத்தீன் கூடவே சிரிலிக்கிலும் பழைய குரோஷியர்கள் எழுதியிருக்காங்க. 1991ல் வுகோவார் நகரத்தை யூகோஸ்லாவிய ராணுவமும் செர்பியப் படைகளும் 87 நாள் முற்றுகையிட்டுத் தரைமட்டம் ஆக்கினாங்க. 2013ல் அங்கே செர்பியர் மக்கள்தொகை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்ததால் சட்டப்படி சிரிலிக்கிலும் அலுவலகப் பலகை மாட்டினப்ப, சுத்தியால அடிச்சு உடைச்சாங்க. வீடு இழந்தவனுக்கு அந்த எழுத்து டாங்கி மாதிரி தெரியறது எனக்குப் புரியுது. ஆனா பலகையை அடிச்சவங்க கையில இருந்த சுத்தியை நியாயப்படுத்த எனக்கு மனசு வரலை.

லிதுவேனியாவிலும் இதுக்குச் சின்ன அளவுல ஒரு ஜோடி உண்டு. நாட்டில் சுமார் ஆறரை சதவீதம் போலிஷ்காரங்க. பெயரில் 'டபிள்யூ' இருந்தா பாஸ்போர்ட்டில் 'வி'ன்னுதான் போடுவாங்க, ஏன்னா லிதுவேனிய அரிச்சுவடியில் டபிள்யூ கிடையாது. சுதந்திரத்துக்கு அப்புறம் முப்பது வருஷம் இதுக்குக் கோர்ட், பார்லிமெண்ட், போலந்தோட மனஸ்தாபம். கடைசியில் 2022ல்தான் க்யூ, டபிள்யூ, எக்ஸ் மூணையும் அடையாள ஆவணங்களில் அனுமதிச்சு சட்டம் வந்தது. அதுலயும் போலிஷ் கொக்கி, கோடெல்லாம் சேர்த்தி இல்லை. எழுத்துக்காக சைபீரியா போனவங்க பேரப்பிள்ளைகள், அடுத்தவன் பெயரில் ஒரு எழுத்தை விட முப்பது வருஷம் யோசிச்சிருக்காங்க.

இப்ப ரெண்டு நாட்டு மொழியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகள். லிதுவேனியன் 2004லேர்ந்து, குரோஷியன் 2013லேர்ந்து, இருபத்து நாலாவது மொழியா. 2015ல் லிதுவேனியா யூரோவுக்கு மாறியது, 2023ல் குரோஷியா. குரோஷியாவின் பழைய நாணயம் கூனா. கூனான்னா மரநாய் மாதிரி ஒரு சின்ன மிருகம். ஒரு காலத்துல அதன் தோல்தான் அங்கே வரிப்பணம். நூறு லீபா ஒரு கூனா, லீபா நம்ம லிண்டன் மரமேதான். யூரோ வந்து ரெண்டும் போச்சுன்னாலும் விட மனசில்லாம குரோஷியாவின் ஒரு யூரோ காசில் அந்த மிருகத்தைப் பொறிச்சிருக்காங்க. ஒண்ணு, ரெண்டு, அஞ்சு சென்ட் காசுகளில் கிளகொலிட்டிக் எழுத்து. யூரோ காசு எந்த நாட்டுதுன்னாலும் எங்கேயும் செல்லும். வில்னியஸ்ல ஒரு கடைக்காரம்மா கையில அந்த ஒரு யூரோ காசு வந்து விழுந்தா, படத்தைப் பார்த்துட்டு 'கியௌனே'ம்பாங்க. கூனாவும் கியௌனேயும் அதே சொல்தான்.